நிமிடத்துக்கு என்ன விலை போட்டீர்கள்? குமரித் தையல் கூடங்களிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: கன்னியாகுமரி மாவட்டத்துச் சிறு தையல் கூடங்களுக்கு ஜாப் ஒர்க் (வெட்டிய துணியைக் கூலிக்குத் தைக்கும் வேலை) கொடுக்கும் ஏற்றுமதி நிறுவனங்களின் கொள்முதல் பொறுப்பாளர்கள், அந்த நிறுவனங்களுக்கு ஆர்டர் தரும் வெளிநாட்டு பிராண்டுகளின் இந்திய அலுவலகங்கள்.

ஐயா, அம்மையீர்,

இந்தப் பருவத்து ஆர்டர் தாளோடு ஒரு சுற்றறிக்கையும் வந்திருக்கிறது. இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கூடங்களுக்கு இனி நேரடித் தணிக்கை கிடையாது, உரிமையாளர் நிரப்பிக் கையெழுத்திட்ட நான்கு பக்கப் படிவம் போதும் என்கிறது அது. படிவத்தில் உள்ளவை எல்லாம் 'ஆம்', 'இல்லை' கேள்விகள். 'உங்கள் கூடத்தில் கட்டாய ஓவர்டைம் உண்டா?' என்பதற்கு எந்த உரிமையாளர் 'ஆம்' என்று டிக் அடிப்பார்? உங்கள் அலுவலகத்தில் யாரும் இதை யோசிக்காமல் இருந்திருக்க முடியாது. அதனால்தான் இந்த முடிவை வாய்மூடி ஏற்க எங்களால் முடியவில்லை.

இருபது என்ற கோடு எங்கே விழுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, திங்கள்சந்தைப் பக்கம் போனால் ஒரு கூடத்தில் மிஷின் எண்ணிக்கை பதினெட்டிலோ பத்தொன்பதிலோ நின்றுவிடுவதைப் பார்க்கலாம். இடம் போதாமல் அல்ல. இருபது பேர் ஆனால் பி.எஃப். கட்ட வேண்டும், போனஸ் கொடுக்க வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேர் வேலை செய்தாலே அது தொழிற்சாலையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. ஆக, அரசு ஒரு பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்ட அதே எண்ணிலேயே நீங்களும் திருப்பிக்கொள்கிறீர்கள். இனி அந்தக் கூடங்களுக்குள் யார்தான் எட்டிப் பார்ப்பது?

பெரும்பாலான இடங்களில் அந்தப் பதினெட்டுமே உண்மையான எண்ணிக்கை கிடையாது. முன்பக்கக் கொட்டகை கணவர் பெயரில், பின்பக்கக் கொட்டகை மனைவி பெயரில். நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. ஜெனரேட்டர் ஒன்று, கட்டிங் மேசை ஒன்று, மேலே நிற்கும் சூப்பர்வைசரும் ஒருவர். கிளைகளைச் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதற்காகத்தான் பி.எஃப். சட்டத்தில் 2ஏ என்று ஒரு பிரிவே வைத்தார்கள். பிளைவுட் தடுப்பு அதைத் தாண்டிவிடுகிறது. ஈ.எஸ்.ஐ. பத்துப் பேருக்கே வந்துவிடும் என்பதால் அங்கே வேறு வழி: ஒன்பது பேரை வருகைப் பதிவேட்டில் எழுதுவது, மற்றவர்களைப் பயிற்சிக்கு வந்தவர்கள் என்பது. ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்து அடிக்கும் மிஷின்) ஓட்டக் கற்றுக்கொள்ள மூன்று ஆண்டு ஆகும் என்று நம்புகிறவர்கள் மட்டும் அந்தப் பதிவேட்டை நம்பலாம்.

இவையெல்லாம் கூட உரிமையாளர்கள் செய்யும் தில்லுமுல்லு என்று நீங்கள் சொல்லலாம். சரி. இனி நீங்கள் செய்யும் கணக்குக்கு வருவோம்.

ஒரு வட்டக் கழுத்து டீ-சர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஷோல்டர் சேர்ப்பது, கழுத்து ரிப் பிடிப்பது, பின்கழுத்து டேப், கை மடிப்பு, கை சேர்ப்பது, லேபிள் வைத்து சைடு அடிப்பது, பாட்டம் மடிப்பு. பழகிய கைகளுக்குத் தையல் மட்டும் மொத்தம் ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இதைத்தான் உங்கள் தாளில் எஸ்.ஏ.எம். (ஒரு பீஸுக்கு அனுமதிக்கும் நிமிடம்) என்று எழுதுகிறீர்கள். பதினெட்டுத் தையல்காரர்கள், ஆளுக்கு 480 நிமிடம்: மொத்தம் 8,640 நிமிடம். நூறு சதவீதத் திறனில் 1,234 பீஸ் வரும். நூறு சதவீதம் எந்த லைனிலும் வராது. சிறு கூடத்தில், ஸ்டைல் கைக்குப் பழகிய பிறகு, 60 சதவீதம் வந்தாலே நல்ல லைன். அதாவது எட்டு மணி நேரத்தில் 740 பீஸ்.

ஆனால் ஷிப்மெண்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி நீங்கள் கேட்பது ஒரு நாளைக்கு 1,100. அது 89 சதவீதம். 60 சதவீதம் ஓடும் லைனில் 1,100 பீஸ் முடிய ஒவ்வொருவரும் 713 நிமிடம், ஏறத்தாழ 12 மணி நேரம், மிஷினில் உட்கார வேண்டும். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் முக்கால் மணி நேரம் சேர்த்தால் காலை எட்டரைக்குத் தொடங்கும் வேலை இரவு ஒன்பதைத் தாண்டும். கூடத்தில் நடக்கும் ஓவர்டைமைச் சூப்பர்வைசரின் குணத்தோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. உங்கள் அலுவலகத்தில் டெலிவரி தேதி தட்டச்சாகும்போதே அது முடிவாகிவிடுகிறது.

விலையும் அப்படித்தான். கணக்குக்காக ஒரு தையல்காரரின் நாள் கூலி 500 ரூபாய் என்று கொள்வோம். முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். நிர்வாகக் கட்டணத்தோடு 13 சதவீதம், ஈ.எஸ்.ஐ. 3.25, குறைந்தபட்ச போனஸ் 8.33, கிராஜுவிட்டிக்கு ஒதுக்க வேண்டியது 4.81. எல்லாம் சேர்த்தால் நாளுக்கு ஏறத்தாழ 647 ரூபாய். விடுமுறைச் சம்பளத்தை இதில் சேர்க்கவே இல்லை. 480 நிமிடத்துக்கு வகுத்தால் நிமிடத்துக்கு 1.35. லைன் 60 சதவீதம் ஓடுவதால், உங்கள் தாளில் உள்ள ஒரு நிமிடத்துக்கு உண்மையான அடக்கம் 2.25 ரூபாய். ஏழு நிமிடத்துக்கு 15 ரூபாய் 73 காசு. இது தையல்காரர் கூலி மட்டும். கைமடி எனப்படும் உதவியாளர் கூலி, செக்கிங், பிசிர் வெட்டுதல், அயர்னிங், பேக்கிங், வாடகை, மின்கட்டணம், நூல், ஊசி எல்லாம் தனி.

இப்படிப்பட்ட ஒரு பீஸுக்கு மொத்த ஜாப் ஒர்க் விலையாகப் பதினொன்றோ பன்னிரண்டோ ரூபாய் போட்டு அனுப்பினால், அந்தக் கூடம் சட்டப்படி நடக்க எந்த வழியும் இல்லை. மிச்சம் எங்கிருந்து வரும்? கட்டாத பி.எஃப்.இலிருந்து, இரட்டிப்பாகத் தர வேண்டிய ஓவர்டைமை ஒற்றையாகத் தருவதிலிருந்து, பயிற்சிக்கு வந்தவள் என்று எழுதிய பெண்ணின் பாதிக் கூலியிலிருந்து. 'எங்கள் சப்ளையர்கள் உள்ளூர்ச் சட்டங்களை மதிக்க வேண்டும்' என்ற உங்கள் நடத்தை விதியின் முதல் வரியும், அதே மின்னஞ்சலில் வரும் விலைத்தாளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. இரண்டில் எதைப் பின்பற்ற வேண்டும் என்று கூடத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஏழு நிமிடம் என்ற எண்ணிலும் ஓட்டைகள் உண்டு. பண்டலை அவிழ்ப்பது, கட்டுவது, பாபின் மாற்றுவது, ஊசி மாற்றுவது, தண்ணீர் குடிப்பது, கழிப்பறைக்குப் போவது இவற்றுக்கெல்லாம் சேர்த்துக் கூட்ட வேண்டிய கூடுதல் நேரம் பல தாள்களில் இருப்பதே இல்லை. ஐந்து நூல் ஓவர்லாக்கில் லூப்பர் நூல் அறுந்தால் கோர்த்து, துணித்துண்டில் ஓட்டித் தையலைச் சரிபார்க்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். 0.40 நிமிட வேலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எட்டு, பத்து பீஸ் நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஸ்டைல் மாற்றம். புது ஸ்டைல் ஏறும் முதல் இரண்டு மூன்று நாள் லைன் 30, 40 சதவீதத்தில்தான் ஓடும். முன்பு ஒரே ஸ்டைல் ஒரு மாதம் ஓடியதால் அந்த இழப்பு தெரியவில்லை. இப்போது வருவது 3,000 பீஸ், அதிலும் நான்கு நிறம், ஐந்து சைஸ். நிறம் மாறும்போது பதினெட்டு மிஷினிலும் நூல் கோன் மாற்ற வேண்டும். கை பழகி வேகம் பிடிக்கும் நேரத்தில் ஆர்டர் முடிந்துவிடும். பீஸ் ரேட்டை மட்டும், ஒரு மாதம் ஒரே ஸ்டைல் ஓடிய லைனின் உச்ச வேகத்தை வைத்துப் போடுகிறீர்கள்.

எங்கள் மாவட்டத்துக்கென்று இன்னொன்றும் உண்டு. இங்கே இரண்டு பருவமழையும் பெய்யும். ஆனி, ஆடியில் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை. காற்றடித்தால் ரப்பர் மரமோ தென்னையோ கம்பியில் விழும், மின்சாரம் போகும். டீசல் செலவுக்குப் பயந்து ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும் ஓடும். 'கரண்ட் வரும்வரை இருங்கள்' என்பார்கள். பீஸ் ரேட்டில் இருப்பவருக்கு அந்த இரண்டு மணி நேரம் கூலியற்ற காவல். போன இரண்டு மணி நேரத்தை இரவில் ஈடுகட்டச் சொல்வார்கள். திருப்பூரிலிருந்து வெட்டிய துணி லாரி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் இதே கதை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றும் கடைசி நேரம் நகராது. துணி வாங்கியதில், சாயம் போட்டதில், சாம்பிள் ஒப்புதலில் மற்றவர்கள் தின்ற நாள்களையெல்லாம் கடைசியில் இருக்கும் தையல் மேசைதான் கட்டித் தீர்க்கிறது.

தாமதத்தைப் போலவே டேமேஜும் எங்கள் தலையில் வந்து இறங்குகிறது. மெல்லிய சிங்கிள் ஜெர்சி டீ-சர்ட் துணியில் 9 அல்லது 11-ஆம் நம்பர் பால் பாயிண்ட் ஊசி போட வேண்டும். கூடத்தில் இருப்பது 14. ஊசி, இழையை விலக்கிப் போவதற்குப் பதிலாக அறுத்துக்கொண்டு போகும். ஒரு சலவைக்குப் பிறகு தையலோரம் பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரியும். சைடு தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வருவது நிட்டிங்கிலும், துணியை அழுத்திச் சுருக்கும் காம்பேக்டிங்கிலும் நடந்த கோளாறு. பாட்டம் மடிப்பு அலை அலையாக நிற்பது, துணியை விரித்து ஆறவிடாமல் அன்றே வெட்டியதால். முன்பக்கமும் கையும் நிறம் மாறி நிற்பது, கட்டிங்கில் நம்பர் ஒட்டாமல் பண்டல் கலந்ததால். எண்ணெய்க்கறை, மிஷினின் சீல் தேய்ந்ததால். இந்த ஐந்தில் எதிலும் தையல்காரரின் கை இல்லை. ஆனால் ரிஜெக்ட் ஆன பீஸின் விலையைக் கூடத்தின் பில்லில் கழிக்கிறீர்கள், கூடம் அதைத் தையல்காரரின் கூலியில் கழிக்கிறது. ஒருவருடைய கவனக்குறைவால்தான் சேதம் வந்தது என்று காட்டி, அவர் பக்க நியாயத்தைக் கேட்ட பிறகே கூலியில் பிடிக்கலாம் என்பது கூலிச் சட்டம். எந்தக் கூடத்திலும் அப்படிக் கேட்பது நடப்பதில்லை. சனிக்கிழமை கவரைத் திறந்து எண்ணும்போதுதான் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்பதே தெரியும்.

பீஸ் ரேட்டில் இருந்தாலும் நாள் கூலி குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தையல் தொழிலுக்குத் தமிழக அரசு 2014-இல் திருத்திய குறைந்தபட்சக் கூலியை எதிர்த்து முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். அந்த உயர்வு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த பிறகும் உங்கள் விலைத்தாள்களில் அதற்கென்று ஒரு காசு ஏறியதாக எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது சம்மதம். புதிய சட்டத் தொகுப்பின்படி ஓவர்டைமுக்கும், இரவு ஏழு மணிக்கு மேல் பெண்கள் வேலை செய்வதற்கும் அவர்களுடைய சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் வேலைக்குச் சேரும் நாளிலேயே, தேதி போடாத வெள்ளைத்தாளில் கையெழுத்தாக வாங்கி வைக்கப்படுகிறது. பேச்சிப்பாறை, கடையால், அருமனைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கடைசிப் பேருந்து போய்விட்டால் கூடத்து வேன்தான் கதி. வேன் எடுக்கும் நேரம்தான் வேலை முடியும் நேரம். வாரா வாரம் குழுக்கடன் தவணை கட்ட வேண்டியவர் யார் யார் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். அவர்களிடம் 'இஷ்டம் இருந்தால் இருங்கள்' என்று சொன்னாலே போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. மிஷினில் இருப்பவர்களில் பட்டம் படித்தவர்களும் உண்டு. அவர்கள் படித்துப் பார்க்கும்படி ஒரு தாளைத் தமிழில் கொடுக்க மட்டும் யாருக்கும் மனம் வருவதில்லை.

இனி தணிக்கை. நேரடித் தணிக்கையை நீங்கள் நிறுத்துவதை எதிர்த்து எழுதுகிறோம் என்பதால், பழைய தணிக்கை யோக்கியமாக நடந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து நாள் முன்பே தேதி சொல்லி வருவீர்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். முதலுதவிப் பெட்டிக்குச் சாவி கிடைத்துவிடும், கழிப்பறைக்குப் புது வாளி வரும், பின்வாசலை அடைத்த பண்டல்கள் பக்கத்து வீட்டுக்குப் போகும், பதினேழு வயதுப் பிள்ளைகள் இரண்டு நாள் வர வேண்டாம் என்று சொல்லப்படுவார்கள். வங்கியில் முழுக் கூலி ஏறியிருக்கும், அதில் ஒரு பங்கு ரொக்கமாகத் திரும்பப் போயிருக்கும். நேர்காணல் உரிமையாளரின் அறையில், கதவு திறந்தபடி நடக்கும். பதில்கள் முதல் நாளே சொல்லிக்கொடுத்தவை.

இரட்டைப் பதிவேட்டைப் பிடிப்பது கடினம் என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். கடினமே இல்லை. உடைந்த ஊசிப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, தாளில் டேப் போட்டு ஒட்டி, மிஷின் எண்ணும் நேரமும் எழுத வேண்டும் என்பது உங்களுடைய கண்டிப்பான விதி. துணியில் ஒரு துண்டு தங்கி, வெளிநாட்டில் அதை உடுத்தும் ஒரு குழந்தைக்குக் குத்திவிடக்கூடாது என்பதற்காக. சரியான விதிதான். வருகைப் பதிவேட்டில் ஆறு மணிக்கு வேலை முடிந்த நாளில், ஊசிப் பதிவேட்டில் இரவு 9.40-க்கு ஓர் ஊசி ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் ஒட்டியிருக்கும். அந்த ஊசி உடையும்போது யாருடைய விரலில் இருந்தது என்று எழுத மட்டும் அதில் கட்டம் இல்லை. அதற்கென்று உள்ள விபத்துப் பதிவேடு வெள்ளையாக இருக்கும். ஓவர்லாக்கில் கண் காப்பும் சிங்கரில் விரல் காப்பும் கழற்றி டிராயரில் கிடப்பதற்கும் காரணம் அதே டார்கெட்தான். காப்பு இருந்தால் நூல் கோர்க்க நேரம் அதிகம் எடுக்கும்.

ஊசிப் பதிவேடு போதாவிட்டால் வேன் டிரைவரின் டிரிப் ஷீட், ஜெனரேட்டர் டீசல் கணக்கு, லாரிக்குக் கொடுத்த கேட் பாஸில் உள்ள நேரம், உங்கள் தர ஆய்வாளரே கையெழுத்திட்ட இன்லைன் ரிப்போர்ட்டின் தேதி இவற்றை வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். எதிர்க் கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் இரவுத் தேநீர்க் கணக்கும் இருக்கிறது. தணிக்கைக் கட்டணம் வாங்குகிற எந்த நிறுவனமும் இதுவரை அதைக் கேட்டதில்லை.

காகிதத் தணிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பது இந்தத் தொழிலுக்குத் தெரியாத விஷயமல்ல. கராச்சியில் 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்த அலி எண்டர்பிரைசஸ் ஆலையில் 250-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்.ஏ.8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்திருந்தது. அதே ஆண்டு நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தஸ்ரீன் ஆலையில் நூற்றுக்கு மேற்பட்டோர். 2013 ஏப்ரல் 24 அன்று சாவாரில் ராணா பிளாசா சரிந்து 1,134 பேர். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டு கீழ்த்தளத்து வங்கி மூடப்பட்டது, தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே வரச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த கூடங்கள் சிலவற்றிலும் சமூகத் தணிக்கை முடிந்தே இருந்தது. கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்பது அந்தத் தணிக்கையின் கேள்விகளில் இல்லை.

ராணா பிளாசா போல எட்டு மாடிக் கட்டடத்தில் எங்கள் கூடங்கள் இல்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். மூடிக்கிடந்த முந்திரி ஆலைக் கொட்டகை, பழைய கல்யாண மண்டபம், மேல்மாடி வீடு என்று கிடைத்த இடத்திலெல்லாம் மிஷின் போட்டிருக்கிறார்கள். மாடிக் கூடத்துக்கு ஒரே படிக்கட்டு, அதில் பாதி அகலம் அட்டைப்பெட்டிகள். பஞ்சு தூசி படிந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து ஐந்து மிஷினுக்கு ஒயர். கறை எடுக்கும் ஸ்ப்ரேயும் அயர்ன் மேசையும் ஒரே மூலையில். கதவு உள்பக்கம் திறக்கும், ஜன்னலில் கம்பி. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறார்கள், குடித்தால் கழிப்பறைக்கு டோக்கன் வாங்க வேண்டும். மாதவிலக்கு வலிக்கு லேபிள் கிழித்த மாத்திரை. இவை எதற்கும் உங்கள் நான்கு பக்கப் படிவத்தில் இடமில்லை.

கூடத்துக்காரர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வளைகுடாவில் இருந்து திரும்பிச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் போட்டு மிஷின் வாங்கியவர்கள் இவர்களில் பலர். விலை கட்டாது என்று சொன்னால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்திலேயே ஓடுகிறார்கள். பயம் வீணானதும் அல்ல. 2020 மார்ச்சுக்குப் பின் வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களை பிராண்டுகள் ரத்து செய்தன அல்லது நிறுத்திவைத்தன, தைத்து முடித்தவை உட்பட. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது, அதில் ஒரு பங்கைத் தள்ளுபடியாகக் கேட்டுக் கடிதம் வந்தது கூடங்களுக்கு. கூடங்களில் இருந்து அது எங்கே இறங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பயம் என்பது பெண்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதற்கு நியாயமாகாது. அதை நிறுத்தும்படி கூடத்துக்காரர்களிடம் தனியே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த மடலில் எந்தக் கூடத்தின் பெயரும், எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. பெயர் வெளியே வந்தால் நீங்கள் செய்வது என்ன என்று பார்த்திருக்கிறோம்: 'சகிப்புத்தன்மை இல்லை' என்று ஓர் அறிக்கை, அடுத்த நாள் ஆர்டர் வேறு மாவட்டத்துக்கு. உண்மையைச் சொன்ன பெண்ணுக்கு வேலை போகும், பொய் சொல்லப் பழகிய கூடத்துக்கு ஆர்டர் போகும். இப்படி ஓடிவிடுவதை நீங்கள் ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்வரை எந்தப் புகார் எண்ணுக்கும் யாரும் அழைக்க மாட்டார்கள்.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ராணா பிளாசாவுக்குப் பிறகு 2013 மே மாதம் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட பங்களாதேஷ் உடன்பாடு, கையெழுத்திட்டவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது. ஆய்வு அறிக்கைகள் ஆலையின் பெயரோடு வெளியாகின. நம் மாநிலத்திலேயே 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தலித் பெண் தொழிலாளி ஒருவர் கொலையான பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடிப் பெற்றது அது. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையும், பாலியல் தொல்லைக்கு எதிரான நடவடிக்கையை பிராண்டுகளின் ஆர்டரோடு கட்டும் விதியும் அதில் இருந்தன. ஜெர்மனியில் 2023 முதல் சப்ளை செயின் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. எனவே 'கீழே ஜாப் ஒர்க்கில் நடப்பது எங்களுக்குத் தெரியாது' என்ற பதில் உங்களுக்கே இனி பயன்படாது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். ஆள் எண்ணிக்கை எதுவானாலும், உங்கள் லேபிள் தைக்கப்படும் ஒவ்வொரு கூடத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது முன்னறிவிப்பில்லாமல் வாருங்கள், வரும் முறைகளில் ஒன்றாவது மாலை ஏழு மணிக்குப் பிறகு இருக்கட்டும். ஊசிப் பதிவேட்டையும் டிரிப் ஷீட்டையும் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுவதைக் கட்டாயமாக்குங்கள். பெண்களிடம் பேசக் கூடத்துக்கு வெளியே, ஞாயிற்றுக்கிழமை, தமிழ் பேசும் பெண் ஒருவரை அனுப்புங்கள். ஒரே ஜெனரேட்டரில் ஓடும் கொட்டகைகளை ஒரே கூடமாக எண்ணுங்கள்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் எஸ்.ஏ.எம். எவ்வளவு, அதில் கூடுதல் நேரம் எத்தனை சதவீதம், எந்தத் திறனை வைத்து விலை போட்டீர்கள், ஒரு நிமிடத்துக்கு எத்தனை காசு என்ற நான்கு எண்களையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுங்கள். கூலிப் பகுதியை விலைபேசலில் இருந்து தனியாக எடுத்து வையுங்கள், அதில் தள்ளுபடி கேட்காதீர்கள். 5,000 பீஸுக்குக் குறைந்த ஆர்டருக்கும், ஒரு நாளில் நிறம் மாறும் ஆர்டருக்கும் பழகும் நாள்களின் கூலியைச் சேர்த்து விலை போடுங்கள்.

துணி வந்துசேர ஒரு நாள் தாமதமானால் ஷிப்மெண்ட் தேதியும் ஒரு நாள் தள்ளும் என்று ஆர்டரில் எழுதுங்கள். துணி, கட்டிங், ஊசி, மிஷின் காரணமாக வந்த டேமேஜைத் தையல் கூலியில் கழிக்க மாட்டோம் என்றும் எழுதுங்கள். காரணத்தை முடிவு செய்யும்போது தையல்காரர் ஒருவரும் செக்கிங்கில் ஒருவரும் உடன் இருக்க வேண்டும்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள கூடங்களில் பாலியல் தொல்லை தடுப்பு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குறைவாக உள்ள இடங்களுக்கு மாவட்ட உள்ளூர்க் குழு உண்டு. உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே அந்தக் கூடத்துக்குத் துணி அனுப்புங்கள். திண்டுக்கல்லில் ஏற்றுக்கொண்ட கண்காணிப்பு முறையை ஜாப் ஒர்க் கூடங்களுக்கும் நீட்டுவது பற்றித் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். குறை கண்டுபிடித்தால் ஆர்டரை நிறுத்தாமல், ஆறு மாதக் கெடு கொடுத்து, சரிசெய்யும் செலவில் உங்கள் பங்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள். புகார் சொன்னவர் வேலை இழந்தால் அந்த ஆறு மாதக் கூலிக்கு நீங்களே பொறுப்பு.

அடுத்த பருவத்து விலைபேசல் தொடங்கும் முன் இவற்றுக்குப் பதில் வேண்டும். எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்க முடியாது, ஏன் என்று கோரிக்கை வாரியாக எழுதி, தமிழில், கூடங்களின் அறிவிப்புப் பலகைக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டத் தையல் கூடங்களில் ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர், செக்கிங், அயர்னிங், பேக்கிங் வேலை செய்வோர்